ரஞ்சியின் வாத்தியார்

ஐ.பி.எல். ராத்திரிகளில் ஹைதராபாத் உப்பல் ஸ்டேடியத்துக்குள் ஒரு நாற்காலி பிடிக்க ஊரே முட்டி மோதும். ரஞ்சி ஆட்டத்தன்று அதே நாற்காலி வெயிலில் காய்ந்து கிடக்கும். நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள். அவற்றில் நூறு பேர் இருந்துவிட்டால் அன்றைக்கு நல்ல கூட்டம். அவர்களும் ஆளுக்கொரு மூலை. தினத்தாளை மடித்துத் தொப்பியாக்கிக்கொண்ட ஓய்வூதியக்காரர் ஒருவர். ஆட்டக்காரர்களின் வீட்டு மனிதர்கள் நான்கைந்து பேர், டிபன் கேரியருடன், பெவிலியன் பக்கம். இன்டர்வியூக்குப் போட்ட சட்டையோடே வந்துவிட்ட இரண்டு இளைஞர்கள். அப்புறம் நான்.

காலி மைதானத்தில் கிரிக்கெட்டைக் காதால்தான் பார்க்க வேண்டும். பந்து மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், விளிம்பில் பட்டால் இன்னொன்று. இரண்டும் எதிர் ஸ்டாண்டில் மோதிவிட்டுத் திரும்பி வருகின்றன. “சாபாஷ் மியா” என்று விக்கெட் கீப்பர் தட்டிக்கொடுப்பது கேட்கிறது. ஃபோர் கொடுத்த பந்துவீச்சாளர் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடப்பதும் கேட்கிறது. டி.வி.யில் இந்தத் திட்டெல்லாம் வராது.

பத்தரை மணிவாக்கில் படியேறி வந்தவரைப் பார்த்ததுமே பள்ளிக்கூடத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். வெளுத்துப்போன தொப்பி. ஐம்பதைத் தாண்டியிருப்பார், இடது முழங்காலை வளைக்காமல் பக்கவாட்டில் படியேறினார். பின்னால் பதினான்கு பையன்கள். நம் பக்கம் பி.டி. வாத்தியார் என்போம், இங்கே பி.இ.டி. சார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, எவனையும் உட்காரவிடுவதற்கு முன்பே பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார். பிறகு இரண்டு வரிசையாக உட்காரவைத்து, நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டார். முன்னால் இருப்பவன் பிடரியில் பின்னால் இருப்பவன் கை எட்டாத தூரம். அவருடைய சர்வீஸ் முழுவதும் அந்தக் காலி வரிசையில் தெரிந்தது.

பேச்செல்லாம் தெலுங்கு, அதட்டல் மட்டும் உருது. “பந்தைப் பார்க்காதீங்கடா, பேட்ஸ்மேன் காலைப் பாருங்க” என்றார். பையன்கள் ஒரு ஓவர் வரைக்கும் காலைப் பார்த்தார்கள். அப்புறம் பந்து, அப்புறம் வானத்தில் பருந்து, அப்புறம் ஒருவனையொருவன். வரிசைக் கடைசியில் ஒல்லியாக ஒருவன். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலங்களும் அடைத்த பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் சேர்க்க முடியாத பையனுக்கு வாத்தியார்கள் கொடுக்கும் உத்தியோகம் அது. கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கை தட்டவே இல்லை.

நடுவில் ஒரு குரல் எழுந்தது. “சார், ரஞ்சின்னா என்ன சார்?”

பதில் சக மாணவனிடமிருந்து வந்தது. “தோனி ஊருடா.”

சிரிப்பு அடங்கும்வரை சார் காத்திருந்தார். “அது ராஞ்சி. இது ரஞ்சி. ராஜா ஒருத்தர். இங்கிலாந்து டீமுக்கு ஆடினவர்.”

“ராஜாவுக்கு யார் சார் சொல்லிக்கொடுத்தது?”

“யாரோ ஒரு சார்” என்றார், களத்தைப் பார்த்தபடியே.

மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சாரின் பெயர் தெரியும். சொல்லவில்லை. பார்க்க வந்த இடத்தில் வாயைத் திறந்தால் அப்புறம் பார்க்கக் கிடைப்பது குறைந்துவிடும்.

பெயர் செஸ்டர் மெக்நாட்டன். 1843இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி மாணவர். ராஜ்கோட்டுக்கு வருமுன் அவரிடம் படித்த பையன்: பீகாரின் தர்பங்கா ஜமீனுக்கு வாரிசான லட்சுமேஷ்வர் சிங். வெள்ளைக்கார வாத்தியாரை வைத்து அந்த இளவரசனை ஆங்கிலத்திலும் ராஜ விசுவாசத்திலும் ஊறப்போட்டது அரசு. அவர் வளர்ந்து மகாராஜா ஆனபின், அலகாபாத்தில் காங்கிரஸ் மாநாடு நடத்த இடம் தராமல் அதிகாரிகள் இழுத்தடித்தபோது, ஒரு மாளிகையையே விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். பாடம் நடத்தியவர் இதைக் கேட்டு என்ன நினைத்தாரோ.

1870இல் ராஜ்கோட்டில் ராஜ்குமார் கல்லூரி திறந்தது. பெயர்தான் கல்லூரி, படித்தவர்கள் சிறுவர்கள். கத்தியவார் தீபகற்பத்தில் அப்போது இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். சிலது ஜில்லா அளவு, சிலது நாலு கிராமம். அங்கே பொலிட்டிகல் ஏஜென்டாக இருந்த கர்னல் கீட்டிங்குக்குத் தோன்றிய யோசனை இது: ராஜாக்களின் பிள்ளைகளை அந்தப்புரத்திலிருந்தும் அரண்மனைச் சேவகர்களிடமிருந்தும் பிரித்து ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டால், நாளைக்கு அவர்களைக் கட்டி மேய்ப்பது சுலபம். முதல் முதல்வராக மெக்நாட்டனை அமர்த்தினார்கள். 1896இல் இறக்கும்வரை, இருபத்தாறு வருஷம், அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

வந்து சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு பழகாத கால்கள். வீட்டில் எந்தப் போட்டியிலும் தோற்க விட்டிருக்க மாட்டார்கள். கிரிக்கெட்டிலோ எதிராளி பந்தில் ஸ்டம்ப் விழுந்தால் சிற்றரசன் மகனும் பேரரசன் மகனும் ஒரே மாதிரி வெளியே நடக்க வேண்டும். மெக்நாட்டனுக்கு விளையாட்டு பிடிக்கும். அதைவிட, இந்த நடை பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. குதிரையேற்றம், உடற்பயிற்சி, கிரிக்கெட், டென்னிஸ் எல்லாம் பாடங்களோடு பாடமாக நடந்தன. பையன்களைக் கூட்டிவைத்து ஒழுக்கம், கடமை, உண்மை என்று பேசுவார். அந்த உரைகள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பள்ளிகள் நம்பியதும் இதைத்தான். ஜென்டில்மேனை வகுப்பறையில் பாதியும் களத்தில் மீதியும் செய்து முடித்துவிடலாம்.

அந்த நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது. தோல்வியைச் சிரித்த முகமாக ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தருபவர்கள், அடுத்தவர் நாட்டை ஆண்டுகொண்டிருப்பவர்கள். கற்றுக்கொள்பவர்கள், தாத்தா காலத்தில் தோற்றவர்கள். இதை வைத்து மெக்நாட்டனை வில்லன் ஆக்கிவிடவும் மனம் வரவில்லை. அவரிடம் படித்த கோண்டல் சமஸ்தானத்து பகவத்சிங்ஜி எடின்பரோ போய் மருத்துவம் படித்துத் திரும்பி, பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி கொண்டுவந்தார். குஜராத்தி மொழிக்குப் பேரகராதி தொகுத்தார். கிரிக்கெட் மட்டையோடு வேறு ஏதோவும் அந்தப் பள்ளியில் கைமாறியிருக்கிறது.

1880 வாக்கில் எட்டு வயதுப் பையனாக ரஞ்சித்சிங் அங்கே வந்தார். நவாநகர் ஜாம் சாகேப் அவரை முதலில் வாரிசாக எடுத்துக்கொண்டு, தனக்கு ஒரு மகன் பிறந்ததும் கைவிட்டுவிட்டார். ராஜாவாகப் போகிறவர்களுக்கு நடுவில் ராஜாவாக முடியாமல் போனவன் ஒருவன். கிரிக்கெட்டில் 1884இல் கேப்டன் ஆனார். பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தப் பதவி அவருடையதுதான். ஆனாலும் அப்போது அவருக்கு அதிகம் பிடித்தது டென்னிஸ். இதை அந்தப் பையன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

உணவு இடைவேளை வந்தது. ஒல்லிப்பையன் பையைத் திறந்தான். சார் எண்ணி எண்ணி ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார். ஆடி முடித்து வந்தவர்கள் போல எல்லோரும் அவ்வளவு பசியோடு தின்றார்கள். ஃபிளாஸ்க்கும் காகிதக் கோப்பையுமாக ஒருவர் சாய் விற்றுக்கொண்டு வந்தார். சார் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார். தாளில் காந்தி.

காந்தியைத் தற்செயலாக இங்கே இழுக்கவில்லை. மெக்நாட்டன் ராஜகுமாரர்களுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்த அதே ராஜ்கோட்டில், அதே 1880களில், ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கத்தியவார் உயர்நிலைப்பள்ளியில் இன்னொரு விளையாட்டுப் பித்தர் தலைமையாசிரியராக இருந்தார். தோராப்ஜி எடுல்ஜி கிமி. பார்சிக்காரர். இந்தியர்களில் கிரிக்கெட்டை முதலில் கையில் எடுத்ததே பார்சிகள்தான். 1848இலேயே பம்பாயில் கிளப் வைத்தார்கள், 1886இல் சொந்தச் செலவில் இங்கிலாந்துக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள். அந்தக் காற்று ராஜ்கோட் வரைக்கும் அடித்திருக்க வேண்டும். மேல் வகுப்புகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸும் கிரிக்கெட்டும் கட்டாயம் என்று கிமி உத்தரவு போட்டார்.

மேல் வகுப்பில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்று ஒரு மாணவன். கூச்ச சுபாவம். பள்ளி விட்டதும் யாரும் தன்னிடம் பேசிவிடக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடுகிறவன். அவனுக்கு இரண்டு விளையாட்டும் வேப்பங்காய். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பணிவிடை செய்ய வேண்டும். விலக்கு கேட்டான், கிமி கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. காலையில் பள்ளி, வீட்டுக்குப் போய்விட்டு மாலை நான்கு மணிக்கு ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் திரும்ப வேண்டும். பையனிடம் கடிகாரம் இல்லை. வானம் மூடிக்கிடந்ததால் நேரம் தெரியாமல் போய்விட்டது. ஓடி வந்து பார்த்தால் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கிமி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், கூப்பிட்டார், கேட்டார். நடந்ததைப் பையன் சொன்னான். அவர் நம்பவில்லை. ஒரு அணாவோ இரண்டு அணாவோ அபராதம். தொகை காந்திக்கே பின்னால் மறந்துவிட்டது. பொய்யன் என்று முடிவு கட்டப்பட்டது மட்டும் மறக்கவில்லை. அழுதிருக்கிறான். பொய் சொல்லாதவன் அசட்டையாகவும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு உறைத்ததாக, நாற்பது வருஷத்துக்குப் பிறகு சுயசரிதையில் எழுதுகிறார். கடைசியில் அப்பா கைப்பட எழுதிக் கொடுத்த பிறகு விலக்கு கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். காந்தி அந்த மனிதரைத் திட்டவில்லை. கண்டிப்பானவர், முறை தெரிந்தவர், நன்றாகப் பாடம் நடத்துவார், பையன்களுக்குப் பிடித்தவர் என்றே எழுதுகிறார். உடற்பயிற்சியை வெறுத்தது தன் தவறு, படிப்புக்குச் சமமாக அதற்கும் இடம் வேண்டும் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்டது நடை. அந்த நடை எங்கே போய் முடிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கிமியின் கணக்கில் அவர் விளையாட்டில் தேறாத மாணவர்.

1888. மார்ச்சில் மெக்நாட்டன் ரஞ்சியையும் இன்னும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே ஆஸ்திரேலியர்களுக்கும் சர்ரே அணிக்கும் நடந்த ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். பந்துவீச்சாளர் என்றே பெயரெடுத்திருந்த சார்லஸ் டர்னர் அன்றைக்குச் சதம் அடித்தார். அப்படியொரு ஆட்டத்தை அதற்கப்புறம் பத்து வருஷம் பார்க்கவில்லை என்று ரஞ்சி பின்னாளில் சொன்னார். பதினைந்து வயதுப் பையனுக்கு டென்னிஸ் கொஞ்சம் பின்னுக்குப் போனது அந்த பெஞ்சில்தான் என்று நான் நினைக்கிறேன். எத்தனையோ வருஷப் பயிற்சியைவிட, சரியான நாளில் சரியான ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் மெக்நாட்டன் ரஞ்சிக்குச் செய்த பெரிய காரியம். ரஞ்சியைக் கேம்பிரிட்ஜில் தங்கவைத்துவிட்டுச் செப்டம்பரில் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். அதே செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் காந்தி கப்பலேறினார், சட்டம் படிக்க. ஒரு வாத்தியார் கிழக்கே, இன்னொரு வாத்தியாரின் மாணவர் மேற்கே. கடலில் எங்கேயாவது இரண்டு கப்பலும் எதிரெதிரே கடந்திருக்கலாம்.

களத்தில் பந்து வேகம் எடுத்திருந்தது. புதிதாக வந்த பேட்ஸ்மேன் சின்னப் பையன். எகிறி வந்த பந்துக்குப் பின்னங்கால் ஸ்கொயர் லெக் பக்கம் நழுவியது. “பார்த்தீங்களா, பார்த்தீங்களா!” என்று சார் எழுந்துவிட்டார். முழங்கால் வலியெல்லாம் மறந்து, படியிலேயே நின்று, நழுவும் காலை நடித்துக் காட்டினார். விசில் ஆடியது. அடுத்த ஓவரில் அதே பேட்ஸ்மேன் நகராமல் நின்று, கால் பக்கம் வந்த பந்தை மணிக்கட்டால் தொட்டுவிட்டான். ஃபைன் லெக்கில் ஃபோர். சார் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

அந்த அடியின் பிறப்பே நழுவும் காலில்தான் என்று ஒரு பழங்கதை உண்டு. கேம்பிரிட்ஜில் ரஞ்சி வேகப்பந்துக்குப் பின்வாங்கினாராம். பயிற்சி கொடுத்த டான் ஹேவர்ட் என்ற தொழில்முறை ஆட்டக்காரர், வலது காலை முளையடித்துத் தரையோடு கட்டிப்போட்டார். கால் நகராது, உடம்பை நோக்கிப் பந்து வருகிறது. மணிக்கட்டைத் திருப்பி அதைப் பின்பக்கம் அனுப்பினார் மாணவர். லெக் கிளான்ஸ் அப்படிப் பிறந்தது. ஹேவர்ட் அந்த அடியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் செய்தது காலைக் கட்டியது மட்டும்.

இதைப் போன்ற ஒரு கால் கட்டை ஹைதராபாத்தும் கண்டிருக்கிறது. இந்த ஊரின் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், 1909இல் பிறந்த சையது அப்துல் ரஹீம், பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்தினார். பழகாத காலால் மட்டும் பந்தைத் தொட வேண்டும் என்பது விதி. பலமான கால் சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி இரண்டு காலும் பழகிய பையன்களை வைத்து ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை வென்றது. ரஹீம் சாப் பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தது, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அப்போதே அவரைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் போய்விட்டார். இந்தியக் கால்பந்து அதற்குப் பிறகு அந்த உயரத்தைப் பார்க்கவில்லை. கிரிக்கெட் ஸ்டேடியத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நினைப்பதில் கொஞ்சம் துரோகம் இருக்கிறது, இருக்கட்டும்.

கட்டாயப்படுத்துவதில் எல்லோரையும் மிஞ்சியவர் ஸ்ரீநகரில் இருந்தார். சிசில் டின்டேல்-பிஸ்கோ. 1884இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் படகுக்குச் சுக்கான் பிடித்தவர். ஆள் சிறிய உருவம். 1890இல் மிஷன் பள்ளிக்கு வாத்தியாராக வந்தார். நீண்ட பெரன் அங்கியும் அடியில் கணப்புச் சட்டியுமாக உட்கார்ந்திருந்த பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள், உடம்பை அசைப்பது கூலிக்காரன் வேலை என்று சொன்னார்கள். மறு வருஷம் அவர் தோலால் செய்த கால்பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தோல் தீட்டு, தொடமாட்டோம் என்றார்கள். மைதானத்தைச் சுற்றிக் கையில் கம்போடு ஆசிரியர்களை நிறுத்தினார். பந்து ஒரு பையன் முகத்தில் பட்டு அவன் தீட்டாகிவிட்டதென்று அழ, கால்வாயில் கழுவிக் கூட்டிவரச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு படகு, நீச்சல், மலையேற்றம். மதிப்பெண்ணில் படிப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான். உடலுக்கும் நடத்தைக்கும் மற்ற இரண்டு. குறிப்பிட்ட வயதுக்குள் நீந்தக் கற்காதவனுக்குப் பள்ளிக் கட்டணம் ஏறும். 1947 வரை அங்கேயே இருந்தார்.

பிஸ்கோவின் கதையை ஆங்கிலேயர்கள் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கம்பு உறுத்துகிறது. அதேசமயம் அவர் பையன்கள் ஏரியில் மூழ்கியவர்களைக் காப்பாற்றினார்கள், தீயணைக்க ஓடினார்கள், காலராக் காலத்தில் தெருக் கூட்டினார்கள் என்பதும் உண்மை. நீச்சல் தெரிந்ததால் உயிரோடு திரும்பியவனிடம் போய்க் கம்பு தப்பு என்று வாதாட முடியாது. கிமியின் அபராதத்துக்கும் இதே சங்கடம் உண்டு. உப்பலில் என் முன்னால் இருந்த சாரிடம் கம்பு இல்லை, அபராதமும் இல்லை. அவரிடம் இருந்தது இரண்டு பிஸ்கட்டும் ஒரு காலி வரிசையும்.

1896 ஜூலை. மான்செஸ்டரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரஞ்சி இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்ஸில் 62. இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154. அந்தப் பருவத்தில் மொத்தம் 2,780 ரன் குவித்து, டபிள்யூ.ஜி. கிரேஸ் 1871இல் வைத்திருந்த சாதனையைத் தாண்டினார். மெக்நாட்டன் மறைந்தது அதே 1896இல். வாத்தியார் உத்தியோகத்தில் இது சகஜம். விதைத்தவன் அறுவடைக்கு இருப்பதில்லை என்றெல்லாம் நீட்டி முழக்கத் தேவையில்லை. ராஜ்கோட்டில் மறுநாள் வேறொருவர் வகுப்புக்குப் போயிருப்பார்.

ரஞ்சி 1907இல் நவாநகருக்கு ஜாம் சாகேப் ஆனார். இந்தியக் கிரிக்கெட்டுக்கு அவர் செய்தது கொஞ்சம்தான். அதே ராஜ்குமார் கல்லூரியில் படித்த சகோதரர் மகன் துலீப்சிங்ஜியையும் இங்கிலாந்துக்கே ஆட வைத்தார். மெக்நாட்டனின் பாடம் அவரிடம் முழுசாகப் பலித்துவிட்டது போலும். தர்பங்காவில் தவறியது இங்கே கைகூடியது. 1933இல் ரஞ்சி இறந்தார். மறு வருஷமே, பாட்டியாலா மகாராஜா கொடுத்த கோப்பைக்கு அவர் பெயரை வைத்து இந்தியாவின் மாகாண அணிகள் ஆட ஆரம்பித்தன. முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில், சென்னையும் மைசூரும், ஒரே நாளில் முடிந்துவிட்டது. பிற்பாடு துலீப் பெயரிலும் ஒரு கோப்பை வந்தது. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கோப்பை, இரண்டும் இந்தியாவுக்கு ஆடாதவர்கள் பெயரில். கிமியின் பள்ளிக்கூடம் 2017இல் மூடப்பட்டு, இப்போது காந்தி அருங்காட்சியகம்.

ஹைதராபாத் இந்தக் கோப்பையை இரண்டே முறை வென்றிருக்கிறது. 1986–87இல் ஒன்று. முதலாவது 1937–38இல், அதுதான் சுவை. இறுதியாட்டத்தில் எதிரணி ரஞ்சியின் சொந்த ராஜ்ஜியமான நவாநகர். எடுல்ஜி ஐபாரா என்ற ஹைதராபாத்துக்காரர் ஆட்டமிழக்காமல் 137 அடிக்க, ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்கும்போது இந்த ஊர் ஜெயித்தது. இந்த ஸ்டாண்டில் அன்றைக்கு இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்? தொப்பித் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சார் எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல. “எழுந்திரிங்கடா.” பையன்கள் எழுந்தார்கள். ஒல்லிப்பையன் எழவில்லை, களத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. சார் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

“என்னடா, இப்பத்தான் மேட்ச் பிடிச்சுதா?”

“அந்த அம்பயர் ஒவ்வொரு பந்துக்கும் கையில எதையோ தட்டுறார் சார். காலையிலிருந்து பார்க்கிறேன். ஒரு பந்துக்குக்கூட விடலை.”

“கவுண்டர்டா அது. ஓவர்ல எத்தனை பந்து ஆச்சுன்னு எண்ண.”

“ஓவருக்கு ஆறு பந்துதானே சார்?”

“ஆமா.”

“ஆறு வரைக்கும் எண்ண மிஷின் எதுக்கு சார்?”

காலையிலிருந்து சார் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மற்ற பையன்கள் படியில் தள்ளிக்கொண்டு இறங்க ஆரம்பித்திருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

“பதினாலு பேர் இருக்காங்களான்னு நீயே எண்ணு. மிஷின் இல்லாம.”

அவன் படி ஓரமாக நின்று, விரல் நீட்டி, ஒவ்வொரு தலையாக எண்ணினான். இரண்டு தரம் எண்ணினான்.

“பதிமூணுதான் சார் இருக்கு.”

“உன்னையும் சேர்த்து எண்ணுடா” என்றார் சார், பக்கவாட்டில் முதல் படியை இறங்கிக்கொண்டே.